ஆயுத வணிகச் சட்டம்: தரகரைத் தப்பவிடும் தவறுகள்

2000 ஆகஸ்டில் இத்தாலியின் மிலான் நகருக்கு அருகே ஒரு விடுதி அறைக்குள் காவல்துறையினர் நுழைந்தார்கள். போதைப்பொருள் விவகாரமாகப் போனவர்களுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதங்கள் கிடைத்தன. அத்தனையும் ஆயுத பேரம் பற்றியவை. தொலைநகல்கள் இருந்தன, இறுதிப் பயனர் சான்றிதழ்களின் (ஆயுதம் கடைசியில் தனக்கே என்று வாங்கும் நாடு எழுதித் தரும் உறுதிச் சான்றுகளின்) நகல்கள் இருந்தன. அறையில் தங்கியிருந்த லியோனிட் மினின், உக்ரைனிலிருந்து டன் கணக்கில் ஆயுதங்களும் தோட்டாக்களும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக ஏற்பாடு செய்தவர் என்ற முடிவுக்கு விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். சரக்கு கடைசியாகப் போய்ச் சேர்ந்த லைபீரியாவோ அப்போது ஐ.நா. ஆயுதத் தடையின் கீழ் இருந்த நாடு. வழக்கு நடந்தது. 2002-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அவர்மீதான ஆயுத வழக்கை ஏற்கவில்லை. ஆயுதங்கள் இத்தாலிய மண்ணைத் தொடவே இல்லை, எனவே இங்கே விசாரிக்க அதிகார வரம்பு இல்லை என்பது தீர்ப்பு.

நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த சட்டம் அவ்வளவுதான். ஆயுத வணிகத்தை ஒழுங்குபடுத்தும் தேசியச் சட்டங்கள் பலவும் துறைமுகத்தில் நிற்கும் பெட்டியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. பெட்டி எல்லை தாண்டினால் சட்டம் விழித்துக்கொள்ளும். தரகரின் தொழிலோ பெட்டியைத் தொடாமலே நடக்கிறது. விற்பவர் ஒரு நாட்டில், வாங்குபவர் இன்னொரு நாட்டில், விமானம் மூன்றாவது நாட்டில் பதிவானது, வங்கிக் கணக்கு நான்காவது நாட்டில், தரகர் ஐந்தாவது நாட்டில் தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நாடுகளிலும் ஏற்றுமதிச் சட்டம் இருக்கலாம். ஐந்திலும் அவர் குற்றமற்றவராகவே நடமாடலாம்.

இத்தகைய சட்டத்தை வரைபவர்கள், அவையில் விவாதிப்பவர்கள், செய்தியாக எழுதுபவர்கள், பாடமாகப் படிப்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள் சில உண்டு. ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே வேரிலிருந்து, அதாவது பேரத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் பார்ப்பதிலிருந்து, கிளைப்பவை.

"நாங்கள் ஆயுதம் தயாரிப்பதில்லையே"

மிகப் பழைய தவறு இதுதான். தொழிற்சாலை இல்லாத நாட்டுக்கு ஆயுத வணிகச் சட்டம் எதற்கு என்ற கேள்வி, கேட்கும்போது நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் தரகருக்குத் தேவை தொழிற்சாலை இல்லை. எளிதில் கம்பெனி பதிவு செய்ய ஓர் அலுவலகம், கேள்வி கேட்காத வங்கி, வசதியான விமான நிலையம், தரகைக் குற்றமாகக் கருதாத சட்டம், இவை போதும். ஆயுதம் தயாரிக்காத நாடு என்பதாலேயே அங்கே யாரும் கண்காணிப்பதில்லை என்பது அவருக்குக் கூடுதல் வசதி.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு நினைப்பும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்பது. ஐ.நா. பொதுச்சபை 2013 ஏப்ரல் 2 அன்று ஆயுத வணிக ஒப்பந்தத்தை ஏற்றது. ஈரான், சிரியா, வட கொரியா ஆகிய 3 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. 2014 டிசம்பர் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பீரங்கி வண்டிகள், கவச வாகனங்கள், பெரிய பீரங்கிகள், போர் விமானங்கள், தாக்குதல் ஹெலிகாப்டர்கள், போர்க்கப்பல்கள், ஏவுகணைகளும் அவற்றின் ஏவுகருவிகளும், சிறு மற்றும் இலகு ரக ஆயுதங்கள் என 8 வகை மரபுவழி ஆயுதங்களை அது எடுத்துக்கொள்கிறது. ஏற்றுமதி, இறக்குமதி, நாட்டின் வழியாகச் சரக்கு கடந்துபோவது, வழியில் வேறு கப்பலுக்கோ விமானத்துக்கோ மாற்றப்படுவது, தரகு ஆகிய ஐந்தையும் அதன் 2-வது பிரிவு ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது.

ஆனால் தரகரைக் கைது செய்யும் அதிகாரம் ஒப்பந்தத்துக்கு இல்லை. அதன் 10-வது பிரிவு, ஒவ்வொரு நாடும் தன் அதிகார வரம்புக்குள் நடக்கும் தரகை ஒழுங்குபடுத்தத் "தன் தேசியச் சட்டங்களின்படி" நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அந்த நடவடிக்கைகளில் தரகர்களைப் பதிவு செய்வதோ எழுத்து மூலமான முன் அனுமதி கேட்பதோ இடம்பெறலாம் என்று மட்டும் சேர்க்கிறது. "வேண்டும்" என்பதற்கும் "இடம்பெறலாம்" என்பதற்கும் இடையிலான தூரத்தைக் கடக்க வேண்டியது நாடாளுமன்றம்தான். 10-வது பிரிவை அப்படியே எடுத்துச் சட்டத்தில் ஒட்டியிருந்தால், அங்கே சட்டம் என்று எதுவும் எழுதப்படவில்லை என்றே பொருள்.

தரகர் யார் என்று சொல்லாமல் விடுவது

வரைவுகளில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது வரையறைப் பிரிவைத்தான். பல வரைவுகளின் தலைவிதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

குறுகலான வரையறை இப்படி இருக்கும்: "கமிஷன் பெற்றுக்கொண்டு ஆயுத விற்பனைக்கு இடைநின்றவர்". இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. கமிஷன் பணமாகத்தான் வர வேண்டுமா? லைபீரியாவில் சார்லஸ் டெய்லர் ஆட்சிக்கு ஆயுதம் கொடுத்த குற்றத்துக்காகவும் போர்க்குற்றங்களுக்கு உடந்தையாக இருந்ததற்காகவும் 2017-ல் நெதர்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 19 ஆண்டு சிறைத்தண்டனை விதித்த குஸ் கவ்வென்ஹோவன், அங்கே மரம் வெட்டும் தொழில் நடத்தியவர். ஆயுதம் வந்தது மரம் ஏற்றும் நிறுவனத்தின் வழியாக. ஆதாயம் வெட்டு உரிமையாகவோ வைரமாகவோ சுரங்கக் குத்தகையாகவோ அரசியல் பாதுகாப்பாகவோ வரலாம். 2007-ல் ஐ.நா. அரசு வல்லுநர் குழு தரகரை விவரித்தபோது "நிதி சார்ந்ததோ வேறு வகையிலானதோ ஆன ஆதாயம்" என்ற பொருளில் எழுதியது இதனால்தான்.

இரண்டாவது ஓட்டை, "இடைநின்றவர்" என்பது. சிலர் இடையில் நிற்பதே இல்லை. வெளிநாட்டில் சரக்கைத் தாங்களே வாங்கி, தாங்களே இன்னொரு வெளிநாட்டுக்கு விற்றுவிடுவார்கள். பில்லில் அவர் உரிமையாளர், தரகர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003 ஜூனில் ஆயுதத் தரகு பற்றி ஏற்ற பொது நிலைப்பாடு இதைக் கவனித்து, பேரம் பேசி ஏற்பாடு செய்பவர்களோடு, தமக்குச் சொந்தமான சரக்கை ஒரு வெளி நாட்டிலிருந்து இன்னொரு வெளி நாட்டுக்கு மாற்றுபவர்களையும் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது, "விற்பனைக்கு" என்ற சொல். விற்பனை நடந்து முடிந்தால்தான் குற்றம் என்றால், நடுவில் பிடிபட்டவர் தப்பிவிடுவார். விக்டர் பூட் 2008 மார்ச்சில் பாங்காக்கில் கைதானபோது ஒரு துப்பாக்கிகூடக் கைமாறவில்லை. கொலம்பியக் கிளர்ச்சிக் குழுவின் ஆட்களாக நடித்த அமெரிக்க முகவர்களின் உளவாளிகளிடம் அவர் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் தருவதாகப் பேசினார், அவ்வளவுதான். 2011-ல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது சதித்திட்டக் குற்றச்சாட்டுகளின் பேரில். தரகு செய்ய முன்வருவது, பேரம் பேசுவது, முயற்சி செய்வது, மற்றவரைத் தூண்டுவது ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றங்களாக எழுதாத சட்டம், சரக்கு சுடுபவர் கைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கும் சட்டம்.

எதிர்ப்பக்கத்திலும் தவறு நடக்கிறது. எல்லோரையும் பிடிக்க வேண்டும் என்ற ஆவேசத்தில் ஆயுதப் பேரத்தோடு "எவ்வகையிலும் தொடர்புடைய" ஒவ்வொருவரையும் தரகர் என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது விமானி, காப்பீட்டு ஊழியர், பத்திரிகையில் விளம்பரம் அச்சிட்டவர், ஒப்பந்தத்தை மொழிபெயர்த்தவர் எல்லோரும் உரிமம் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். உரிமப் பிரிவில் இருக்கும் சில அதிகாரிகளால் அதைச் சமாளிக்க முடியாது. நாளடைவில் சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கும். இதற்கு நடுவழி இருக்கிறது. போக்குவரத்து, சேமிப்பு, நிதி, காப்பீடு, தொழில்நுட்ப உதவி போன்றவற்றை "தரகோடு நெருங்கிய செயல்கள்" என்று தனியாகப் பிரித்து, தடை செய்யப்பட்ட இடத்துக்குச் சரக்கு போகிறது என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தோ செய்தால் மட்டும் குற்றம் என்று வைக்கலாம். பிரிட்டன் செய்வதுபோல ஆயுதத்தின் கொடூரத்தைப் பொறுத்துக் கட்டுப்பாட்டை அடுக்கடுக்காக வைக்கலாம். அங்கே கொத்துக்குண்டு போன்றவற்றுக்கு மிக இறுக்கமான விதி. சிறு ஆயுதங்களுக்கும் தோளில் வைத்து ஏவும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளுக்கும் அடுத்த படி. மற்றவற்றுக்கு அதற்கும் கீழே.

"தெரிந்தே" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக் குற்றத்தை எழுதுவதும் ஆபத்தானது. "எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை" என்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கமான ஏற்பாடு. கண்ணை மூடிக்கொண்டவரையும் சட்டம் தொட வேண்டும்.

எல்லையோடு நின்றுவிடும் அதிகார வரம்பு

மினின் வழக்கு காட்டிய ஓட்டை ஒன்று. 1994-ல் ருவாண்டாவில் படுகொலை நடந்துகொண்டிருந்தபோது வெளிப்பட்ட ஓட்டை இன்னொன்று. பிரிட்டனின் சார்புப் பகுதியான மான் தீவில் பதிவான மில்-டெக் என்ற நிறுவனம், அல்பேனியாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ஆயுதங்களை ருவாண்டா ஆட்சியாளர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. 1994 மே 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஆயுதத் தடை விதித்தது. பிரிட்டன் அந்தத் தடையைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவர ஆணை பிறப்பித்தது. ஆனால் அந்த ஆணை மான் தீவுக்கு நீட்டிக்கப்படாமல் விடுபட்டுப்போயிருந்தது. நிறுவனத்தின் ஆவணங்கள் 1996-ல் கிழக்கு ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில்), ருவாண்டாவிலிருந்து ஓடிப்போனவர்கள் கைவிட்ட பேருந்து ஒன்றில் கிடைத்தன. எவரும் தண்டிக்கப்படவில்லை. இலட்சக்கணக்கான உயிர்கள் போன ஒரு நிகழ்வில், ஒரு தீவின் பெயர் ஓர் ஆணையில் இல்லாததால் வழக்கே இல்லாமல் போனது. இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

ஆக, "இந்நாட்டில் தரகு செய்பவர்" என்று எழுதினால் போதாது. நாட்டுக்குள் இருந்து செய்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் சிக்க வேண்டும். குடிமகனும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் உட்கார்ந்து செய்தாலும் சிக்க வேண்டும். இங்கே பதிவான கம்பெனியும், அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் வெளிநாட்டுக் கிளையும் சிக்க வேண்டும். சார்புப் பகுதிகளைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அமெரிக்கா 1996-ல் தன் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தில் தரகு விதியைச் சேர்த்தது; இன்றைய நிலையில், எங்கிருந்தாலும் அமெரிக்கர்களையும், அமெரிக்காவில் இருக்கும் வெளிநாட்டவரையும், அமெரிக்கர்களின் கட்டுப்பாட்டில் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அந்த வலைக்குள் வைத்திருக்கிறது.

வெளிநாட்டில் நடந்த செயலுக்கு இங்கே எப்படித் தண்டிப்பது என்று சட்ட அமைச்சகங்கள் தயங்குவதுண்டு. லஞ்சம், மனிதக் கடத்தல், பணமோசடி ஆகியவற்றில் பல நாடுகள் அதை ஏற்கெனவே செய்கின்றன. ஆயுதத்துக்கு மட்டும் தயங்குவதற்குச் சட்ட நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பதிவுச் சான்றையே அனுமதியாக எண்ணுவது

தரகரைப் பதிவு செய்வது வேறு, அவர் கொண்டுவரும் ஒவ்வொரு பேரத்துக்கும் அனுமதி தருவது வேறு. முதலாவது, ஆளைப் பற்றியது. அவர் யார், அவர் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பது. இரண்டாவது, செயலைப் பற்றியது. இந்தச் சரக்கு, இந்த நாட்டிலிருந்து, இந்த வழியாக, இவரிடம் போகலாமா என்று பார்ப்பது. இவற்றில் ஒன்று போதும் என்று நினைக்கும் சட்டங்களில், பதிவுச் சான்றிதழே தரகரின் விளம்பரப் பலகையாகிவிடுகிறது. "நான் அரசு அங்கீகாரம் பெற்றவன்" என்று காட்டி அதைக் கொண்டே அடுத்த நாட்டு அதிகாரியை நம்பவைக்க முடியும். ஐரோப்பிய நிலைப்பாடு இந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்து, பதிவு எந்த நிலையிலும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பெற வேண்டிய உரிமத்துக்கு ஈடாகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. தேசியச் சட்டம் எதுவானாலும் இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டாவை மறந்த பட்டியல்

ஆயுத வணிக ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்காதவர்கள் தவறவிடும் இடம் இது. தரகு பற்றிய 10-வது பிரிவு, மேலே சொன்ன 8 வகை ஆயுதங்களோடு நின்றுவிடுகிறது. தோட்டாக்களும் வெடிகுண்டுகளும் 3-வது பிரிவில், உதிரிப் பாகங்கள் 4-வது பிரிவில், தனித்தனியே வருகின்றன. அவற்றின் ஏற்றுமதிக்குத் தடைகளும் ஆபத்து மதிப்பீடும் உண்டு. தரகுக் கடமை அவற்றுக்கு நீளவில்லை. ஒப்பந்தம் கேட்பது குறைந்தபட்சம் மட்டுமே, ஒரு நாடு அதற்கு மேல் போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் பட்டியலை அப்படியே படியெடுத்த நாட்டில், துப்பாக்கிக்குத் தரகு பேசினால் குற்றம், அதே துப்பாக்கிக்கான 50 லட்சம் தோட்டாக்களுக்குத் தரகு பேசினால் குற்றமில்லை என்ற நிலை உருவாகும். போர் நீண்டுகொண்டே போகிற இடத்தில் துப்பாக்கிகள் ஏற்கெனவே நிறைய இருக்கும், தீர்ந்துபோவது தோட்டாதான். மினின் தொடர்புபட்டதாக ஐ.நா. வல்லுநர்கள் விவரித்த 2000 ஜூலைச் சரக்கு, ஆண்டனோவ் சரக்கு விமானத்தில் வந்திறங்கிய 113 டன் எடையுள்ள 7.62 மி.மீ. தோட்டாக்கள்.

பட்டியலைச் சட்டத்தின் உடலுக்குள் எழுதிவிடுவதும் பின்னால் சிக்கல் தரும். புதிய ரக ட்ரோன் வந்தால் நாடாளுமன்றம் கூடித் திருத்த வேண்டியிருக்கும். பட்டியலை அட்டவணையாகவோ விதிகளின் இணைப்பாகவோ வைத்து, ஆண்டுதோறும் திருத்தும் பொறுப்பை ஓர் அமைப்பிடம் தருவதே நடைமுறைக்கு ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது ராணுவப் பட்டியல் அப்படித்தான் புதுப்பிக்கப்படுகிறது.

சான்றிதழ் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை

மேசைமேல் ஒரு கோப்பு வருகிறது. உள்ளே இறுதிப் பயனர் சான்றிதழ் இருக்கிறது. வாங்கும் நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைப்புத் தாள், முத்திரை, கையெழுத்து, "இச்சரக்கை வேறு எவருக்கும் தர மாட்டோம்" என்ற உறுதிமொழி, எல்லாம் முறைப்படி. அதிகாரி கையெழுத்திட்டுவிடுகிறார். ஆயுதம் தவறான கைக்குப் போன எத்தனையோ கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் விமானத்திலிருந்து பாராசூட் மூலம் ஆயுதப் பெட்டிகள் விழுந்தன. நூற்றுக்கணக்கான ஏகே-47 துப்பாக்கிகளும், லட்சக்கணக்கான தோட்டாக்களும் அதில் இருந்தன. சரக்கு ஏற்றப்பட்டது பல்கேரியாவின் பர்காஸில். விமானக் குழுவினர் லாட்வியாவிலிருந்து வந்தவர்கள். விமானத்தில் ஒரு பிரிட்டிஷ் ஆயுத வியாபாரி இருந்தார், திட்டத்தின் மூளையாகக் கருதப்பட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். காகிதத்திலோ அந்தச் சரக்கு வங்கதேசத்துக்குப் போக வேண்டியது. காகிதத்தைப் பார்த்துச் சரக்கை விட்டவர்களில் ஒருவராவது டாக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போலிச் சான்றிதழை ஒரு தொலைபேசி அழைப்பில் பிடித்துவிடலாம். உண்மையான சான்றிதழ் பொய் சொல்லும்போதுதான் சிக்கல். அந்த 113 டன் தோட்டாக்களுக்கான சான்றிதழில் இருந்த கையெழுத்து போலியானதன்று. ஐவரி கோஸ்ட்டின் அன்றைய ஆட்சித் தலைவர் ராபர்ட் கேயே கையெழுத்திட்டிருந்தார். சரக்கும் அபிட்ஜான் விமான நிலையத்தில்தான் இறங்கியது. அங்கிருந்து பெரும்பகுதி அதைவிடச் சிறிய விமானம் மூலம் லைபீரியாவுக்குப் போனது. 2008 செப்டம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஃபாய்னா என்ற கப்பலைப் பிடித்தபோது, உள்ளே 33 டி-72 பீரங்கி வண்டிகள் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. காகிதப்படி அவை கென்யாவுக்கு உரியவை. உண்மையில் போக இருந்தது தெற்கு சூடானுக்கு என்பது பின்னர் வெளிவந்த ஆவணங்களிலிருந்து தெரிந்தது.

இதைத் தவிர்க்கச் சட்டத்தில் எழுத வேண்டியவை புதிராக ஒன்றுமில்லை. சான்றிதழில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர்களின் பெயரும் மாதிரிக் கையெழுத்தும் நாடுகளுக்கிடையே முன்கூட்டியே பரிமாறப்பட வேண்டும். ஒவ்வொரு சான்றிதழையும் தன் தூதரகத்தின் வழியாக உறுதிசெய்யும் கடமை உரிமம் தரும் அதிகாரிக்கு இருக்க வேண்டும், தரகர் கொண்டுவரும் "உறுதிக் கடிதம்" அதற்கு மாற்றாகாது. சரக்கு எந்த விமானத்தில், எந்த வழியில், யார் பொறுப்பில் போகிறது என்பதை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். வாங்கும் நாட்டின் படைபலத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவு, அந்தப் படை பயன்படுத்தாத ரகம், சுற்றுவழிப் பயணம், முன்பணமாக முழுத்தொகை ஆகியவை கோப்பைத் தனியாக எடுத்து வைக்க வேண்டிய அறிகுறிகள். சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான சுங்கத்துறைச் சான்றும் திரும்பி வர வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. 2003-04 காலத்தில் ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு விற்கப்பட்ட சுவிஸ் கையெறிகுண்டுகள் 2012-ல் சிரியப் போர்க்களத்தில் தென்பட்டன. வாங்கியவர்கள் ஒரு பகுதியை ஜோர்டானுக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சுவிட்சர்லாந்து, விற்ற ஆயுதம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கும் உரிமையைக் கேட்கத் தொடங்கியது. இப்படிக் கேட்டால் வியாபாரம் பாதிக்குமா என்றால், பாதிக்கலாம். தென்னாப்பிரிக்காவின் சான்றிதழில் இருந்த ஆய்வு நிபந்தனையைச் சவுதி அரேபியாவும் எமிரேட்ஸும் ஏற்க மறுத்ததால் 2019-ல் ஏற்றுமதிகள் தடைப்பட்டன, அடுத்த ஆண்டு அந்த வாசகம் மென்மையாக்கப்பட்டது. தொழில்துறையின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் "வந்து பார்க்காதே" என்று சொல்லும் வாடிக்கையாளரின் வாக்குறுதியை எந்த அடிப்படையில் நம்புவது என்ற கேள்விக்கு அந்தத் தரப்பிலிருந்து திருப்தியான பதிலை நான் இன்னும் படிக்கவில்லை.

வழியில் நிற்கும் கப்பல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "எங்களுக்கு வந்ததுமில்லை, எங்களிடமிருந்து போவதுமில்லை, வழியில் நிற்கிறது" என்று கடந்துபோகும் சரக்கைச் சட்டத்துக்கு வெளியே விடுவது தவறு. 2008 ஏப்ரலில் ஜிம்பாப்வேக்கான சுமார் 77 டன் ஆயுதங்களோடு ஆன் யூ ஜியாங் என்ற சீனக் கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அந்நாட்டில் தேர்தல் முடிவுகள் வெளியிடப்படாமல் வன்முறை மூண்டிருந்த நேரம். சரக்கு தென்னாப்பிரிக்கா வழியாகப் போக அனுமதி தரப்பட்டிருந்தது. துறைமுகத் தொழிலாளர் சங்கம் இறக்க மறுத்தது, நீதிமன்றம் தடை விதித்தது, கப்பல் கிளம்பிப் போய்விட்டது. நீதிமன்றத்தால் குறுக்கிட முடிந்ததற்குக் காரணம், தென்னாப்பிரிக்காவின் 2002-ம் ஆண்டு மரபுவழி ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடந்துபோகும் சரக்கையும் ஆபத்து அளவுகோல்களுக்கு உட்படுத்தியிருந்தது. அந்தச் சொற்கள் சட்டத்தில் இல்லாதிருந்தால் தொழிலாளர்களின் மனசாட்சி மட்டுமே தடையாக நின்றிருக்கும்.

ஆபத்து மதிப்பீட்டைச் சடங்காக்குவது

ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு முழுத் தடை பற்றியது. ஐ.நா. தடையை மீறும் என்றால், இனப்படுகொலையிலோ மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களிலோ குறிப்பிட்ட போர்க்குற்றங்களிலோ பயன்படும் என்று அனுமதி தரும் நேரத்தில் தெரிந்திருந்தால், அனுமதி இல்லை. அங்கே எடைபோட ஒன்றுமில்லை. 7-வது பிரிவு அடுத்த படி. பன்னாட்டு மனிதாபிமானச் சட்டமோ மனித உரிமைச் சட்டமோ கடுமையாக மீறப்படும் ஆபத்தை ஆராய வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறைக்குப் பயன்படும் ஆபத்தையும் பார்க்க வேண்டும். பல சட்டங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "அரசு உரிய காரணிகளைக் கருத்தில் கொள்ளும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. முழுத் தடை அப்போது வெறும் காரணியாகக் கரைந்துவிடுகிறது.

ஒப்பந்தத்தின் இன்னொரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். 7-வது பிரிவின் மதிப்பீடு ஏற்றுமதிக்கு மட்டுமே. தரகு விண்ணப்பத்துக்கும் அதே அளவுகோலைத் தேசியச் சட்டம்தான் நீட்டிக்க வேண்டும். செய்யாவிட்டால், நாட்டுக்குள்ளிருந்து நேராக அனுப்ப மறுக்கப்படும் அதே சரக்கை, இன்னொரு நாட்டிலிருந்து அனுப்பச் சொல்லி ஒரு தரகர் ஏற்பாடு செய்துவிடலாம்.

கடந்த காலத்தைப் பார்க்காமல் எதிர்காலத்தை மதிப்பிடுவது அடுத்த தவறு. ஏமன் போர் தொடர்பாகச் சவுதி அரேபியாவுக்கு ஆயுதம் விற்ற முறை பற்றிய வழக்கில், 2019 ஜூன் 20 அன்று பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் நடைமுறை சட்டவிரோதமானது என்றது. விற்றது சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்த தாக்குதல்களில் மனிதாபிமானச் சட்டம் மீறப்பட்டதா என்ற முடிவுக்கு வர அரசு முயலவே இல்லை என்பதுதான் குறை. அடுத்த ஆண்டு அரசு மறு ஆய்வு செய்து, நடந்தவை தனித்தனிச் சம்பவங்கள் என்று சொல்லி உரிமங்களை மீண்டும் தொடங்கியது, பின்னர் தொடரப்பட்ட வழக்கும் தோற்றது. முடிவு எப்படிப் போனாலும், அரசு தன் காரணங்களை எழுதிக் காட்ட வேண்டிய நிலை வந்தது. எழுத்தில் காரணம் கேட்கும் விதி சட்டத்தில் இருந்தால்தான் இப்படி ஒரு வழக்கே சாத்தியம்.

அரசின் பெயரால் தரப்படும் விலக்கு

"அரசுகளுக்கிடையிலான பரிமாற்றத்துக்கு இச்சட்டம் பொருந்தாது" என்று சில வரைவுகளில் ஒரு வரி ஒளிந்திருக்கும். ஒப்பந்தம் தருவது மிகக் குறுகிய விலக்கு. ஒரு நாடு தன் சொந்த ஆயுதத்தைத் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக எல்லை தாண்டி எடுத்துப் போகலாம், உரிமை கைமாறாத வரை. அதற்கு மேல் அகலமாகத் திறந்தால் தரகர் ஏதோ ஓர் அரசின் கடிதத்தோடு உள்ளே வருவார். 1990-களில் அங்கோலாவுக்குப் போன ஆயுதங்கள் பற்றிய பிரெஞ்சு வழக்கில், கீழ் நீதிமன்றம் தண்டித்த பியேர் ஃபால்கோனை 2011-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆயுத வணிகக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர் அங்கோலா அரசின் சார்பில் செயல்பட்டார் என்பதே அடிப்படை.

தண்டனையும் பதிவேடும்

அபராதத்தோடு முடியும் தண்டனை, கோடிக்கணக்கில் புரளும் பேரத்துக்கு ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. அதைவிட முக்கியமான விளைவு ஒன்றுண்டு. நாடு கடந்த குற்றங்களுக்கான ஐ.நா. உடன்படிக்கை, அதிகபட்சச் சிறைத்தண்டனை 4 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தையே கடுமையான குற்றம் என்கிறது. தரகுக் குற்றத்துக்கு 3 ஆண்டு என்று எழுதிவிட்டால், நாடு கடத்திக் கொண்டுவரவும் சாட்சியங்களைப் பகிரவும் அந்த உடன்படிக்கை திறந்துவிடும் வழியைத் தானே அடைத்துக்கொள்வதாகும். நிறுவனத்தின் பொறுப்பு, ஆதாயத்தைப் பறிமுதல் செய்தல், தரகுத் தொழிலிலிருந்து விலக்கிவைத்தல் ஆகியவையும் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஆயுத வணிக ஒப்பந்தம் கேட்பது குறைந்தது 10 ஆண்டுகள், ஐரோப்பிய நிலைப்பாடும் அப்படியே. பெரும்பாலான வரைவுகள் அந்த எண்ணோடு திருப்தியடைந்துவிடுகின்றன. கவ்வென்ஹோவன் வழக்கில் குற்றம் நடந்த காலத்துக்கும் 2017 தீர்ப்புக்கும் இடையே 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. துப்பாக்கி ஒருமுறை விற்கப்பட்டால் பல பத்தாண்டுகள் சுடும். சிறு ஆயுதங்களை அடையாளம் கண்டு தடமறிய 2005-ல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட ஆவணம், உற்பத்திப் பதிவுகளுக்கு 30 ஆண்டுகளும் மற்ற பதிவுகளுக்கு 20 ஆண்டுகளும் பரிந்துரைக்கிறது. தரகு உரிமக் கோப்புக்கும் 20 ஆண்டுகள் என்று எழுதுவதில் சேமிப்பிடச் செலவைத் தவிர வேறு இழப்பு இல்லை. தரகரிடம் இருக்கும் பிரதியை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. அவருடைய கம்பெனி அடுத்த ஆண்டே கலைக்கப்பட்டுவிடலாம். உரிமம் தந்த அலுவலகமே விண்ணப்பம், சான்றிதழ், பயண வழி, சேர்ந்ததற்கான சான்று என எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருக்க வேண்டும்.